எரிமலைகள் குமுறும் காலம்

கி. பி. முதலாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இத்தாலியின் நேப்பிள்ஸ் விரிகுடாவினூடாகக் கலஞ் செலுத்திய மாலுமி எவனும் வெசூவியஸ் மலையைக் கண்டு அஞ்சியிருக்கமாட்டான். மலைச்சரிவுகளில் திராட்சைத் தோட்டங்கள் செழித்திருந்தன. அடிவாரத்திலே பொம்பேயி, எர்க்குலேனியம் முதலிய ஊர்களிற் செல்வர்தம் மாளிகைகள் நிறைந்திருந்தன. உரோமருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்த அடிமைகளின் தலைவனாகிய ஸ்பாட்டக்கஸ், கி. மு. 73இல் தன் கூட்டத்தாரோடு ஒதுங்கியிருந்த அரணும் இம்மலையே. கிரேக்கப் புவியியலாசிரியரான ஸ்திராபோ, உச்சியிலுள்ள கற்கள் தீயாற் கருகியன போலத் தோன்றுதலை நோக்கி, முன்னொரு காலத்தில் அங்கு நெருப்பு இருந்ததென்றும் எரிதற்குரிய பொருள் தீர்ந்தமையால் அது அவிந்துபோயிற்றென்றும் எழுதினார். நெருப்பு இருந்தது என்பது மெய். அவிந்தது என்பதே பிழை.

62ஆம் ஆண்டில் ஒரு பூகம்பம் பொம்பேயி நகரைச் சிதைத்தது. மக்கள் அதனை எரிமலையோடு தொடர்புபடுத்தி எண்ணவில்லை. இடிந்த வீடுகளைத் திருத்தத் தொடங்கினர். அத்திருத்த வேலைகள் முற்றுப்பெறுமுன்னரே, 79ஆம் ஆண்டில், மலை வெடித்தது. அது நிகழ்ந்த நாள் ஓகத்து 24 என்றே நெடுங்காலமாக நூல்கள் கூறிவந்தன. ஆயின், 2018இற் பொம்பேயியின் ஒரு வீட்டுச் சுவரிற் கண்டெடுக்கப்பட்ட கரிக்கோட்டு எழுத்து ஒக்டோபர் மாத நடுப்பகுதிக்குரிய நாளொன்றைக் குறிப்பதால், அந்நிகழ்ச்சி இலையுதிர்காலத்தது என்பாரின் கட்சி இப்பொழுது வலுப்பெற்றுள்ளது. நேரிற் கண்ட இளைய பிளினி தசிற்றஸ் என்னும் வரலாற்றாசிரியருக்கு எழுதிய கடிதங்கள் கிடைத்திருந்தும், உலகிற் பெயர்பெற்ற ஓர் எரிமலைக் குமுறலின் நாளைத் துணிதல் இத்துணை அரிதாயின், ஏனைய மலைகளின் பழஞ்சரிதத்தை அறிதல் எவ்வளவு கடினம் என்பது சொல்லாமலே விளங்கும்.

வெசூவியஸின் பிற்காலச் சரிதமும் கருதற்பாலது. 79இன் பின் அது பல முறை குமுறிற்று. பன்னிரண்டாம் நூற்றாண்டிலிருந்து ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகள் பெரும்பாலும் அமைதியாயிருந்தது. எரிமலை வாயினுள்ளே மரங்கள் அடர்ந்தன, கால்நடைகள் மேய்ந்தன. 1631ஆம் ஆண்டு திசெம்பரில் அது மீண்டும் வெடித்தபோது சில ஆயிரவர் மாண்டனர். அதன்பின் 1944 வரையும் அம்மலை நெடுங்காலம் ஓய்ந்திருந்ததில்லை. குழம்பு வழிவதும் சிறிது அடங்குவதும் மீண்டும் வழிவதுமாக முந்நூறு ஆண்டுகள் கழிந்தன. 1944 மார்ச்சு மாதக் குமுறலோடு அது வாய் மூடிக்கொண்டது. ஒரே மலை, ஈராயிரம் ஆண்டுகளுள், நெடுந்துயில் கொள்ளும் இயல்பையும் ஓயாது புகையும் இயல்பையும் மாறி மாறிக் காட்டியிருக்கின்றது.

எரிமலைகள் எப்பொழுது குமுறுகின்றன, எத்தனை காலத்துக்கு ஒருமுறை குமுறுகின்றன என்னும் வினாக்கள் ஒன்றுபோலத் தோன்றினும் ஒன்றல்ல. உலகத்து எரிமலைகளையெல்லாம் ஒருங்கே வைத்து எண்ணி, இவ்வளவு காலத்தில் இவ்வளவு குமுறல் நிகழுமெனக் கூறுதல் இன்று ஓரளவு கைகூடியுள்ளது. குறித்த ஒரு மலை என்று குமுறும் என்பதோ வேறு வினா. முன்னதன் விடையைப் பின்னதற்கு விடையாகக் கொள்ளுதலே இத்துறையில் மிகுதியாகக் காணப்படும் மயக்கம்.

குமுறலின் காரணத்தை முதலில் அறிதல் வேண்டும். புவியின் உட்பாறை எங்கணும் உருகிய நிலையில் இருக்கின்றதென்பது பழைய எண்ணம். உண்மையில் அது பெரும்பாலும் திண்மமே. சில இடங்களில் மாத்திரம் அது உருகிப் பாறைக்குழம்பாகின்றது. புவியோட்டின் தகடுகள் ஒன்றைவிட்டொன்று விலகும் இடங்களில் அமுக்கம் குறைவதாலும், ஒரு தகடு மற்றொன்றின் கீழ் அமிழும் இடங்களில் அது கொண்டுசெல்லும் நீர் உருகுநிலையைத் தாழ்த்துவதாலும், ஹவாய்த் தீவுகளிற் போல ஆழத்திலிருந்து வெப்பமிகு பொருள் மேலெழுவதாலும் இவ்வுருகல் நிகழ்கின்றது. பசுபிக் சமுத்திரத்தைச் சூழ்ந்து நெருப்பு வளையம் எனப் பெயர்பெற்ற எரிமலை வரிசை அமைந்திருத்தற்குக் காரணம் தகடுகள் கீழமிழ்தலே. இலங்கை இத்தகைய எல்லைகளுக்கு நெடுந்தூரத்தில், மிகப் பழைய பாறைகளாலான நிலத்தில் அமைந்துள்ளமையால் இங்கு எரிமலை இல்லை.

உருகிய குழம்பு தன்னைச் சூழ்ந்த பாறையினும் அடர்த்தி குறைந்ததாதலின் மேலெழுகின்றது. எழுந்து, சில கிலோமீற்றர் ஆழத்தில் தங்கி, ஒரு தேக்கமாகின்றது. அக்குழம்பிற் கரைந்துள்ள நீராவி, காபனீரொட்சைட்டு, கந்தகவீரொட்சைட்டு முதலிய வாயுக்களே குமுறலின் உயிர்நிலை. சோடாப் போத்தலின் மூடி திறக்கப்பட்டதும் கரைந்திருந்த வாயு குமிழிகளாகப் பிரிந்து நீரையும் இழுத்துக்கொண்டு பொங்குகின்றதன்றோ? ஆழத்தில் அமுக்கத்தினால் அடங்கியிருந்த வாயு, குழம்பு மேலே வர வர அவ்வாறே பிரிந்து பருக்கின்றது. சிலிக்கா குறைந்த குழம்பு 1,200 சதமபாகையளவு வெப்பத்துடன் எண்ணெய்போல நெகிழ்ந்து ஓடுமாதலின் வாயு எளிதில் வெளியேறுகின்றது, குழம்பு வழிகின்றது, பேராபத்து அரிது. சிலிக்கா மிகுந்த குழம்போ வெப்பங் குறைந்தது, பிசின்போல இறுகியது. அதில் அகப்பட்ட வாயு வெளியேற வழியின்றித் திரண்டு, ஈற்றிற் குழம்பையே தூளாக்கி வானிற் பல கிலோமீற்றர் உயரத்துக்கு வீசுகின்றது. நெகிழ்ந்த குழம்பையுடைய மலை அடிக்கடி சிறிது சிறிதாகக் கக்கும். இறுகிய குழம்பையுடைய மலை நெடுங்காலம் அடக்கிவைத்து ஒருங்கே கக்கும். விதிவிலக்குகள் உளவாயினும் பொதுவான போக்கு இதுவே.

முதல் வகைக்கு இத்தாலியின் வடசிசிலிக் கடலிலுள்ள ஸ்திரொம்போலி தக்க சான்று. ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அது ஏறக்குறைய ஓய்வின்றிக் கக்கிவருகின்றது. பெரும்பாலும் பத்து இருபது நிமிடத்துக்கொருமுறை சிறு வெடிப்பொன்று நிகழும். இரவிற் கடலோடிகளுக்கு வழிகாட்டிய காரணத்தால் அதனை மத்தியதரைக் கடலின் கலங்கரை விளக்கமென்பர். ஹவாயிலுள்ள கிலவேயா 1983 சனவரியிற் கக்கத் தொடங்கி 2018 வரை முப்பத்தைந்து ஆண்டுகள் ஏறக்குறைய இடையறாது கக்கியது. இத்தகைய மலையைக் குறித்து எப்பொழுது குமுறும் என்று வினவுவதிலும் எப்பொழுது ஓயும் என்று வினவுதலே பொருத்தம்.

இனி எண்ணிக்கையை நோக்குமிடத்து, கடலடி மலைத்தொடர்கள் நீங்கலாக, உலகிற் குமுறக்கூடியனவெனக் கருதப்படும் எரிமலைகள் ஏறக்குறைய 1,350. இவற்றுள் எழுத்துவரலாற்றுக் காலத்துக்குள் குமுறியன 500 அளவினவே. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் பேணிவரும் பதிவுகளின்படி, ஓர் ஆண்டிற் குமுறும் எரிமலைகள் சாதாரணமாக 50 முதல் 70 வரையாகும். எந்த ஒரு நாளை எடுத்துக்கொண்டாலும், அன்று உலகில் எங்கோ நாற்பதுக்கு மேற்பட்ட எரிமலைகள் குமுறற் பருவத்தில் இருக்கும். செய்தித்தாளில் எரிமலைச் செய்தி மிகும் ஆண்டுகளிற் புவி சினங்கொண்டுவிட்டதெனச் சிலர் கூறுவர். மாறியது புவியன்று, செய்தி பரவும் வேகமும், எரிமலைகளின் அயலில் வாழ்வோரின் தொகையுமே. இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் மலைகளைப் பற்றிய கணக்கு என்பதும் நினைவிலிருத்தற்குரியது. புவியின் உள்ளிருந்து வெளிவரும் குழம்பின் பெரும்பகுதி ஆழ்கடலடியில், மனிதர் எவரும் காணாமலே வெளிவந்து உறைகின்றது.

குமுறல்கள் யாவும் ஓரளவினவல்ல. அவற்றின் பருமையை ஒப்பிடுதற்கு 1982இல் நியூஹோல், செல்ஃப் என்னும் இருவர் பூச்சியம் முதல் எட்டு வரையான வெடிப்புச் சுட்டெண்ணை வகுத்தனர். இதன் மேற்படிகளில் ஒவ்வொன்றும் முந்தியதைவிடப் பதின்மடங்கு பொருளை வெளியேற்றுவதைக் குறிக்கும். நாலாம் படியில் வெளிவரும் பொருள் ஒரு கனகிலோமீற்றரின் பத்திலொரு பங்காவது இருக்கும். ஐந்தாம் படியில் ஒரு கனகிலோமீற்றர். ஆறாம் படியிற் பத்து. ஏழாம் படியில் நூறு. எட்டாம் படியில் ஆயிரம். இவற்றின் நிகழ்ச்சிக் காலமோ இதற்கு மறுதலையாகச் செல்கின்றது. நாலாம் படியின் குமுறல் உலகில் ஓரிரண்டு ஆண்டுக்கொருமுறை நிகழ்கின்றது. ஐந்தாம் படியினது பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை. ஆறாம் படியினது ஒரு நூற்றாண்டில் ஒன்றோ இரண்டோ. ஏழாம் படியினது ஆயிரம் ஆண்டில் ஒன்றோ இரண்டோ. எட்டாம் படியினது பல்லாயிரம் ஆண்டுக்கொருமுறை நிகழ்வது. சுமாத்திராவிலுள்ள தோபா ஏறக்குறைய 74,000 ஆண்டுகளுக்குமுன் அவ்வாறு வெடித்தது; அதன் சாம்பற் படுக்கைகள் இந்தியாவின் ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் இன்றும் காணப்படுகின்றன. நியூசிலாந்தின் தௌப்போ ஏறக்குறைய 25,000 ஆண்டுகளுக்குமுன் வெடித்ததே இறுதியாக நிகழ்ந்தது.

ஏழாம் படிக்கு உதாரணம் இந்தோனேசியாவின் சும்பாவாத் தீவிலுள்ள தம்போரா. 1815 ஏப்பிரில் 5இல் அதன் முதல் வெடியோசை யாவாவிற் கேட்டபொழுது, அங்கு அப்போது ஆட்சிபுரிந்த ஆங்கிலேயர் அதனைப் பீரங்கி முழக்கமென எண்ணிப் படை அனுப்பினர். பெருவெடிப்பு ஏப்பிரில் 10இல் நிகழ்ந்தது. வெடிப்பினாலும் அதனைத் தொடர்ந்த பஞ்சத்தாலும் நோயாலும் மாண்டோர் அறுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர். உயர்வளியில் நிறைந்த கந்தகத் துணிக்கைகள் ஞாயிற்றின் ஒளியை மறைத்தமையால், மறு ஆண்டு ஐரோப்பாவிலும் வடவமெரிக்காவிலும் கோடையற்ற ஆண்டெனப் பெயர்பெற்றது, பயிர்கள் கருகின.

ஆறாம் படிக்குரிய கிறக்கற்றோவா இலங்கைக்கும் தொடர்புடையது. 1680இல் இறுதியாகக் குமுறியதெனக் கொள்ளப்படும் அத்தீவு, இரு நூற்றாண்டுத் துயிலின்பின் 1883 மே மாதத்திற் புகையத் தொடங்கி ஓகத்து 27இல் வெடித்துச் சிதறியது. எழுந்த கடலலைகளாற் சுந்தா நீரிணையின் கரைகளில் 36,000 பேருக்கு மேல் இறந்தனர். ஏறக்குறைய 4,800 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள உரொட்ரிக்கெஸ் தீவில் வெடியோசை கேட்டது. இலங்கையிலும் அவ்வோசை பல இடங்களிற் கேட்கப்பட்டது. காலித் துறைமுகத்திலே கடல்நீர் வழக்கத்துக்கு மாறாக வற்றியும் பெருகியும் நின்றது. செத்தெம்பர் மாதத்தில் ஞாயிறு பச்சை நிறமாகத் தோன்றியதை இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் மக்கள் வியப்போடு கண்டனர்.

இத்தகைய சராசரிக் கணக்குகள் உலகம் முழுவதையும் நோக்குவார்க்குப் பயன்படும். ஒரு மலைக்குப் பயன்படுத்துங்கால் அவை ஏமாற்றும். ஹவாயிலுள்ள மவுனா லோவா 1843 முதலாக 34 முறை குமுறியுள்ளது. வகுத்துப் பார்ப்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை என்று வரும். ஆயினும் 1984இற் குமுறியபின் அது முப்பத்தெட்டு ஆண்டுகள் ஓய்ந்திருந்து 2022 நவம்பரிலேயே மீண்டும் கக்கியது. அமெரிக்காவின் யெலோஸ்ரோன் இதனினும் மிகுதியாகத் திரிக்கப்பட்ட உதாரணம். அங்கு 21 இலட்சம், 13 இலட்சம், 6 இலட்சத்து 40 ஆயிரம் ஆண்டுகளுக்குமுன் மூன்று பெருங்குமுறல்கள் நிகழ்ந்தன. இதனைக் கொண்டு, அடுத்தது நிகழவேண்டிய காலம் கடந்துவிட்டதென அச்சமூட்டுவோர் உளர். மூன்று நிகழ்ச்சிகளுக்கு இடையே உள்ளன இரண்டு இடைவெளிகளே. இரண்டு எண்களைக் கொண்டு காலக்கணக்கு வகுத்தல் எவ்வாறு பொருந்தும்? அவ்வாறே வகுப்பினும் இடைவெளியின் சராசரி ஏழு இலட்சத்துக்கு மேல் வருதலால், தவணை இன்னும் வரவில்லை என்பதே கணக்கின் விடையாகும். எரிமலை கடன் தவணை வைத்துக் குமுறுவதன்று. குழம்பு எவ்வளவு சேர்ந்துள்ளது, அதிற் பெரும்பகுதி உருகிய நிலையில் உள்ளதா, மேலுள்ள பாறை எவ்வளவு தாங்கும் என்பனவே குமுறலைத் துணிவன.

தவணை தவறாத மலைகளும் சில உள என்பதை மறைத்தல் ஆகாது. யப்பானின் வடதீவிலுள்ள உசு மலை இருபதாம் நூற்றாண்டில் 1910, 1943, 1977, 2000 ஆகிய ஆண்டுகளிற் குமுறத் தொடங்கிற்று. ஒவ்வொரு முறையும் குமுறலுக்கு முன்னர் மக்கள் உணரத்தக்க நிலநடுக்கங்கள் தொடர்ச்சியாக உண்டாயின. 2000ஆம் ஆண்டு மார்ச்சிலும் நடுக்கம் தொடங்கியதும் பதினாயிரம் பேருக்கு மேல் வெளியேற்றப்பட்டனர், மார்ச்சு 31இல் மலை வெடித்தது, ஒருவரும் இறக்கவில்லை.

பாடநூல்கள் எரிமலைகளை உயிர்ப்புள்ளன, உறங்குவன, அவிந்தன என மூவகைப்படுத்தும். கற்பித்தற்கு இப்பாகுபாடு எளிது. ஆயினும் அது மனிதனின் ஞாபகத்தை அளக்கின்றதேயன்றி மலையின் நிலையை அளக்கவில்லை. ஆறு தலைமுறைக்கு முன் நிகழ்ந்ததை ஊரவர் மறந்துவிடின், மலை அவிந்ததாகிவிடுகின்றது. மெக்சிக்கோவின் எல் சிச்சோன் ஏறக்குறைய அறுநூறு ஆண்டுகள் அடங்கியிருந்து 1982இல் வெடித்து ஏறக்குறைய ஈராயிரம் பேரைப் பலிகொண்டது. சிலியிலுள்ள சைத்தென் ஒன்பதினாயிரம் ஆண்டுகளாகக் குமுறவில்லையெனக் கருதப்பட்டது. 2008 மே மாதத்தில், நடுக்கங்கள் உணரப்பட்ட ஓரிரு நாட்களுள் வெடித்தது. பின்னர் ஆராய்ந்தபொழுதே, சில நூற்றாண்டுகளுக்கு முன்னரும் அது குமுறியிருந்ததற்குத் தடயம் கிடைத்தது. எதியோப்பியாவின் ஹைலி குப்பி குமுறியதாக எழுத்துப் பதிவு எதுவும் இருந்ததில்லை. 2025 நவம்பர் 23இல் அது வெடித்தெழுப்பிய சாம்பல் செங்கடலைக் கடந்து இந்தியா வரை சென்று விமானப் போக்குவரத்தைத் தடைசெய்தது. ஐஸ்லாந்தின் றேக்கியனெஸ் குடாநாடு எண்ணூறு ஆண்டு ஓய்வின்பின் 2021 மார்ச்சில் மீண்டும் கக்கத் தொடங்கியது. 2023 நவம்பரிற் கிரிந்தாவிக் என்னும் மீன்பிடி ஊர் ஓரிரவிலே வெறுமையாக்கப்பட்டது. எண்ணூறு ஆண்டு என்பது மனிதருக்கு முப்பது தலைமுறை. பல இலட்சம் ஆண்டு வாழும் எரிமலைக்கு அது ஒரு பொழுது.

சந்திரனின் ஈர்ப்பு, பருவமழை முதலியவற்றுக்கும் எரிமலைக்கும் தொடர்பு தேடினோர் பலர். குமுறுந்தறுவாயிலுள்ள மலையை அவை சிறிது தூண்டலாம். அதற்கு மேல் அவற்றுக்கு வலு இல்லை. பெரும் பூகம்பங்கள் தூண்டுதலுக்கு நல்ல சான்று உண்டு: 1960 மே 22இற் சிலி நாட்டிற் கருவிகளாற் பதியப்பட்டவற்றுள் மிகப் பெரிய பூகம்பம் நிகழ்ந்து இரண்டு நாட்களுள் அந்நாட்டின் கோர்டோன் கௌயே எரிமலை குமுறியது. பனிக்காலத்தின் முடிவில் ஐஸ்லாந்தை மூடியிருந்த பனிப்பாளங்கள் உருகிப் பாரம் நீங்கியபோது, அங்கு எரிமலைக் குமுறல்கள் பன்மடங்கு மிகுந்தன என்பதும் நிறுவப்பட்டுள்ளது.

ஆகவே மலை குமுறும் காலத்தை அறிய விரும்புவோர் ஆண்டுக் கணக்கை விட்டு மலையையே நோக்கவேண்டியவராயினர். 1841இல் வெசூவியஸின் சரிவில் நிறுவப்பட்ட ஆய்வு நிலையமே உலகின் முதலாவது எரிமலை ஆய்வுநிலையம். குழம்பு மேலெழும்பொழுது பாறையை உடைத்து வழி செய்கின்றது. அதனாற் சிறு நடுக்கங்கள் நூற்றுக்கணக்கில் உண்டாகின்றன. குழம்பு சேர மலை வீங்குகின்றது. அவ்வீக்கம் இன்று செய்மதிகளாலும் அளக்கப்படுகின்றது. குழம்பு மேலே அணுக, வெளிவரும் வாயுக்களில் கந்தகத்தின் அளவு மிகுகின்றது. இம்மூன்றும் ஒருங்கே காணப்படின் மலை விழித்துக்கொண்டதென்பது தெளிவு. விழித்த மலை எழுமா, மீண்டும் உறங்குமா என்பதே தெளிவற்றது.

பழஞ்சரிதத்தையும் இவ்வடையாளங்களையும் இணைத்து நோக்கினால் எவ்வளவு அறியலாம் என்பதற்கு அமெரிக்காவின் சென் ஹெலன்ஸ் மலை சான்று பகரும். கிரண்டெல், முல்லினோ என்னும் புவிச்சரிதவியலார் இருவர் அம்மலையின் பழைய சாம்பற் படுக்கைகளை ஆராய்ந்து, இந்நூற்றாண்டு முடியுமுன்னரே அது குமுறக்கூடுமென 1978இல் எச்சரித்தனர். அது அப்போது நூற்றிருபது ஆண்டுகளாக அமைதியாயிருந்த மலை. 1980 மார்ச்சில் நடுக்கம் தொடங்கியது. வடசரிவு நாளொன்றுக்கு ஒன்றரை மீற்றருக்கு மேலாகப் புடைத்தது. மே 18இல் அச்சரிவு முழுவதும் இடிந்து வீழ மலை பக்கவாட்டில் வெடித்தது. 57 பேர் இறந்தனர். ஆண்டு பற்றிய எதிர்பார்ப்புப் பலித்தது. நாளை எவரும் அறிந்திலர்.

1991இற் பிலிப்பைன்ஸ் நாட்டின் பினற்றூபோ மலையில் நிகழ்ந்தது இத்துறையின் பெருவெற்றி. ஐந்நூறு ஆண்டுகளாக ஓய்ந்திருந்த அம்மலையை அயலிலுள்ளோரிற் பலர் எரிமலையென்றே அறியார்; சரிவுகளில் அயேற்றாப் பழங்குடியினர் பயிர்செய்து வாழ்ந்தனர். ஏப்பிரில் 2இல் நீராவி வெடிப்புகள் தோன்றவே, பிலிப்பைன்ஸ் அறிஞரும் அமெரிக்க அறிஞரும் கருவிகளோடு அங்கு சென்றனர். மே 13இல் நாளொன்றுக்கு 500 தொன்னாக வெளிவந்த கந்தகவீரொட்சைட்டு மே 28இல் 5,000 தொன்னைக் கடந்தது. அடுத்த சில நாட்களில் அவ்வளவு சடுதியாகக் குறைந்தது. ஆபத்து நீங்கியதென அதற்குப் பொருள் கூறியிருக்கலாம். வாயு வெளிவரும் வழி அடைபட்டதெனவும் கூறலாம். அறிஞர் இரண்டாவதையே அஞ்சினர். மக்களுக்கு ஆபத்தை விளக்கச் சொற்கள் போதாமையால், பிரெஞ்சு எரிமலையியலாரான கிராஃப்ற் தம்பதியினர் எடுத்த படமொன்று ஊர்தோறும் காட்டப்பட்டது. அத்தம்பதியினர் யூன் 3இல் யப்பானின் உன்சென் மலையில் நெருப்பு முகிலில் அகப்பட்டு மாண்டனர். அவர்தம் படம் பிலிப்பைன்ஸிற் பல உயிர்களைக் காத்தது. வெளியேற்ற எல்லை பத்து, இருபது, முப்பது, நாற்பது கிலோமீற்றரெனப் படிப்படியாக விரிக்கப்பட்டது. யூன் 10இல் அருகிலிருந்த கிளாக் விமானத் தளம் வெறுமையாக்கப்பட்டது. யூன் 15இல் மலை வெடித்தது. அன்றே ஒரு சூறாவளியும் வந்தமையால் நனைந்த சாம்பலின் பாரம் தாங்காது கூரைகள் வீழ்ந்து சில நூற்றுவர் மாண்டனர். வெளியேற்றம் நிகழாதிருப்பின் குறைந்தது ஐயாயிரம் பேராவது மேலும் மாண்டிருப்பர் என மதிப்பிடப்பட்டுள்ளது.

எச்சரிக்கை அறிந்தும் பயன்படாத நிகழ்ச்சி அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முந்தியது. கொலம்பியாவின் நெவாடோ டெல் உரூயிஸ் மலை பனிமுடி தரித்தது. சேற்றுப்பெருக்கு எவ்வெவ்விடங்களை மூடக்கூடுமெனக் காட்டும் படம் 1985 ஒக்டோபரிலேயே வரையப்பட்டிருந்தது. ஆர்மேரோ என்னும் நகர் அப்படத்தில் ஆபத்தெல்லைக்குள் இருந்தது. நவம்பர் 13 இரவு நிகழ்ந்த குமுறல் பெரிதன்று. ஆனால் அது உருக்கிய பனிநீர் சேறாகத் திரண்டு, ஏறக்குறைய இரண்டரை மணி நேரத்தில் ஆர்மேரோவை அடைந்தது. இறந்தோர் 23,000 பேரளவினர். நகரிலிருந்து மேட்டுநிலத்துக்கு நடந்து செல்ல அந்த இரண்டரை மணி போதியதாயிருந்தது என்பதே இந்நிகழ்ச்சியின் கொடுமை. குமுறலின் பருமையையும் அழிவின் பருமையையும் ஒன்றெனக் கொள்ளுதல் தவறென்பதும் இதனாற் புலனாகும்.

இதற்கு மறுதலையான இடரும் உண்டு. கரிபியன் கடலின் குவாதலூப்புத் தீவில் 1976இல் சூஃப்ரியேர் மலை நடுங்கிப் புகைந்தபோது எழுபதினாயிரம் மக்கள் மாதக்கணக்காக வெளியேற்றப்பட்டனர். அஞ்சிய பெருங்குமுறல் நிகழவில்லை. அறிஞர் தம்முட் பூசலிட்டனர். அயலிலுள்ள மாட்டினிக்குத் தீவிற் பெலே மலை 1902 மே 8இற் சென் பியேர் நகரை அழித்து ஏறக்குறைய 28,000 பேரைக் கொன்ற வரலாற்றை அறிந்த அதிகாரிகள் வேறு எவ்வாறு செய்திருக்க முடியும்? அவர்களைக் குறைகூறுதல் எளிது. அவர்களிடத்தில் நின்று முடிவுசெய்தல் எளிதன்று. தெளிவான அடையாளம் காட்டாத குமுறலும் உண்டு. யப்பானின் ஒன்தாக்கே மலை 2014 செத்தெம்பர் 27ஆம் நாள் நண்பகலில், மலையேறுவோர் நிறைந்திருந்த வேளையில், நிலத்தடி நீர் ஆவியாகி வெடித்தமையால் 63 பேரைப் பலிகொண்டது. அன்று அம்மலைக்கு இடப்பட்டிருந்த எச்சரிக்கை மிகத் தாழ்ந்த படியினது.

இன்று இவ்வையம் யாவும் திரண்டு நிற்கும் இடம் நேப்பிள்ஸ் விரிகுடாவின் மேற்குக் கரையிலுள்ள பொசுவோலி நகர். அது காம்பி பிளெக்ரேயி என்னும் அகன்ற எரிமலைப் பள்ளத்தினுள்ளே அமைந்தது. ஆபத்தெல்லையினுள் ஏறக்குறைய ஐந்து இலட்சம் மக்கள் வாழ்கின்றனர். அங்கு உரோமர் காலச் சந்தை ஒன்றின் மூன்று சலவைக்கற்றூண்கள் இன்றும் நிற்கின்றன. அவற்றின் நடுப்பகுதியிற் கடற்சிப்பிகள் துளைத்த துளைகள் நிலமட்டத்தின்மேற் பல மீற்றர் உயரம் வரை காணப்படுகின்றன. தூண்கள் நின்றபடியே நிலம் கடலினுள் அமிழ்ந்து, பின்னர் மீண்டும் எழுந்தமைக்கு இத்துளைகளே சாட்சி. 1538இல் அவ்வாறு நிலம் உயர்ந்தபின் ஒரு கிழமையளவில் புதுமலை எனப் பெயரிய 130 மீற்றர் உயரக் குன்று அங்கு தோன்றியது. 1970ஐ அடுத்த ஆண்டுகளில் நிலம் ஏறக்குறைய ஒன்றரை மீற்றருக்கு மேல் உயர்ந்தது, குமுறவில்லை. 1982 முதல் 1984 வரை மீண்டும் அவ்வளவு உயர்ந்தது, நாற்பதினாயிரம் பேர் வேறிடங்களுக்கு அகற்றப்பட்டனர், அப்பொழுதும் குமுறவில்லை. 2005 முதலாக நிலம் மறுபடியும் உயர்ந்துவந்து, இதுகாறும் ஒரு மீற்றரைக் கடந்துள்ளது. வெசூவியஸ் ஆய்வுநிலையத்தார் அவ்வுயர்வை இடையறாது அளந்து, அளவுகளைக் காலந்தோறும் மக்களுக்கு வெளியிட்டு வருகின்றனர்.